வந்து சொல்கிறேன் என்று போனவன்

அன்பு மகனே,

கண்டி பஸ் ஸ்டாண்டில் ரேடியோ மாமா உன்னைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, ஒங்க அப்பா வாயில செத்த ஆளு வந்து பேசுறாராமே, தெரியுமா?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, "இது என்ன கூத்து அப்பா?" என்று ஒரே வரி. அந்த வரியில் உன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது அப்படியே தெரிந்தது. என்னோடு படித்த துரைசிங்கத்துக்கு நாங்கள் ரேடியோ என்று பெயர் வைத்தோம். நிஜ ரேடியோவுக்காவது அணைப்பதற்கு ஒரு குமிழ் இருக்கும், இவனுக்கு அதுவும் கிடையாது. மாத்தளையில் ஒருவன் தும்மினால் கண்டியில் அவனுக்குக் காய்ச்சல் என்றும், கொழும்பில் அவனை அடக்கம் செய்தாயிற்று என்றும் சொல்கிற ஆள். ஆகவே அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடு. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். இது ஹனீபா மாமாவின் மகள் நஸ்ரின் கம்பஸுக்குப் போவதா இல்லையா என்ற விஷயத்தில் நடந்தது. மற்றதெல்லாம் மசாலா என்று எழுதி முடித்துவிட எனக்கும் ஆசைதான். முடியவில்லை.

நான் குரல் எடுப்பேன் என்பது உனக்குத் தெரியும். நீ சின்னவனாக இருக்கும்போது தலைமை ஆசிரியரின் குரலில் உன்னைப் பயமுறுத்திச் சோறு ஊட்டியிருக்கிறேன். ஆனால் அது தொடங்கிய இடம் கல்லூரி வகுப்பு. காலையில் பெயர் கூப்பிடும்போது வராதவனுக்காக "பிரசன்ட் சேர்" என்று சொல்வது என் வேலை. படம் பார்க்கப் போனவன், காதல் செய்யப் போனவன், சும்மா தூங்கிப்போனவன், எல்லாருக்கும் நான்தான் ஆஜர். அதனால் எனக்குக் கிளி என்று பெயர். கிளிக்கு இப்போது தொந்தி வைத்து, தலையில் இறகும் உதிர்ந்துவிட்டது. அது வேறு விஷயம். ஒருநாள் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் என் சொந்தக் குரலில் பதில் சொன்னேன். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரடா அவனுக்குப் பதிலாகச் சொல்வது?" என்று கேட்டு, என்னை வரவில்லை என்று போட்டுவிட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். என் குரலை யாரும் கேட்டதே இல்லை என்பது வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது.

படித்து முடித்து நான் ஆசிரியரானேன். மற்றவர்கள் கடை, அரசாங்கக் கந்தோர், தோட்டம் என்று சிதறினார்கள். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை டவுனில் ஒரு ஹோட்டல் மேல்மாடியில் கூடிப் பகல் சாப்பாடு சாப்பிடுவோம். சாப்பாட்டுக்கு முன் ரேடியோ எழுந்து நின்று, அந்தக் காலத்தில் வகுப்பு மொனிட்டராக இருந்த மிடுக்கோடு, மனப்பாடமாகப் பெயர் கூப்பிடுவான். அவனவன் "பிரசன்ட் சேர்" என்பான். வராதவனுக்கு நான். இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பெனடிக்ட் மாரடைப்பில் போன வருஷம், ரேடியோ வாய் தவறி அவன் பெயரையும் கூப்பிட்டுவிட்டான். எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். அந்த அமைதி தாங்காமல் என் வாய் திறந்தது. பெனடிக்ட்டின் திக்கலோடு, "பி… பிரசன்ட் சேர்" என்று வந்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிரித்த பிறகு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் அவர்களே கேட்டார்கள், "கிளி, பெனடிக்ட்ட விட்டுட்டியே" என்று. அதற்கடுத்த வருஷம் இன்னும் இரண்டு பேர் அந்தப் பக்கம் சேர்ந்திருந்தார்கள். நான் எல்லாருக்கும் பதில் சொன்னேன்.

அன்றைக்குப் படி இறங்கும்போது ரேடியோ என் தோளைப் பிடித்தான். வழக்கமாக மாடிப்படியில் கேட்கும்படி பேசுகிறவன், அன்று என் காதுக்குள் பேசினான். "மச்சான், கவனிச்சியா? பெனடிக்ட்டுக்கு வயசு போகுதுடா."

"என்னடா உளர்ற?"

"போன வருஷத்துக் கொரல் இல்ல இது. கரகரக்குது. மூச்சு வாங்குது. நீ வேணும்னே செய்யிறியா?"

வேண்டுமென்று செய்யவில்லை. அதை அவனிடம் சொன்னேன். அவன் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. நான் எடுத்துவைத்திருந்தது நாற்பது சொச்சம் வயதில் நின்றுபோன ஒருவனுடைய குரல். அது என் தொண்டைக்குள் இருந்துகொண்டு, எங்களோடு சேர்ந்து கிழடாகிக்கொண்டிருந்தது. உன் அம்மாவிடம் சொன்னேன். "ஒங்களுக்கு வயசு போகுது, அதுதான். கஷாயம் வச்சுத் தாறேன், குடிங்க," என்றாள். குடித்தேன். கஷாயம் கசப்பாக இருந்ததைத் தவிர வேறு மாற்றம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்லிவிடுகிறேன். தகப்பன் எழுதுகிற கடிதத்தில் அது இல்லாவிட்டால் நீ ஏமாந்துபோவாய். உன்னோடு படித்தவர்களைப் போய்ப் பார். எங்கள் வயதில் கூட்டாளிகளின் செய்தி எப்போதும் மூன்றாம் ஆள் மூலமாகத்தான் வருகிறது. யாருக்குப் பல் கட்டியாயிற்று, யார் தலைக்கு மை பூசிக்கொண்டு தலையணை உறையை நாசமாக்குகிறான், யார் மருமகளுக்குப் பயந்து கோயிலே கதி என்று கிடக்கிறான் என்றெல்லாம் ரேடியோ சொல்லித்தான் தெரியும். கடைசிச் செய்தியையும் அவன்தான் சொல்வான். அவன் முந்துவதற்குள் நீ போய்ப் பார்த்துவிடு. நான் ஹனீபாவை அப்படித்தான் தவறவிட்டேன்.

ஹனீபா, செத்தல் மிளகாய்க் கடைக்கு மேலே பிறந்து, அங்கேயே வளர்ந்து, தகப்பனுக்குப் பிறகு அந்தக் கடையையே நடத்தியவன். நீயும் போயிருக்கிறாய். கீழே மூட்டை மூட்டையாகக் காய்ந்த மிளகாய், மேலே குடும்பம். அந்த வீட்டில் காற்றே காரமாக இருக்கும். பிறந்ததிலிருந்து அந்தத் தூசியைக் குடித்ததால் அவனுக்கு ஒரு செருமல் உண்டு. சின்னதாக இரண்டு, பிறகு இழுத்து ஒன்று. செருமாமல் அவன் ஒரு வாக்கியமும் தொடங்கியதில்லை. கல்லூரியில் அவனுக்காக ஆஜர் சொல்லும்போது நான் பேசவே வேண்டாம், செருமினால் போதும், ஆசிரியர் சரி போட்டுவிடுவார். அவன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். "என்ட தொண்டைய நீ வச்சிக்கடா, எனக்கு வேற ஒண்ணு வாங்கித் தா," என்பான்.

அவன் மகள் நஸ்ரின் நன்றாகப் படித்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மூத்தவன் ரிஸ்வானுக்குப் பிடிக்கவில்லை. தாய் சுபைதாவுக்கு முடிவெடுக்கப் பயம். அந்தப் பிள்ளை தகப்பனிடம் கேட்டபோது, மிளகாய் வாங்கப் பல்லேகமவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஹனீபா, செருப்பை மாட்டியபடி, "போயிட்டு வந்து சொல்றேன் மகள்," என்றிருக்கிறான். அந்தப் பக்கம் பஸ் குறைவு என்று உனக்குத் தெரியும். திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்திருக்கிறான். மாத்தளையில் எல்லாரும் இறங்கிய பிறகு, தூங்குகிறார் என்று நினைத்து கொண்டக்டர் தட்டி எழுப்பியபோதுதான் தெரிந்திருக்கிறது. அன்று மாலைக்குள் அடக்கிவிட்டார்கள். நான் மறுநாள் காலை பேக்கரியில் பாண் கியூவில் நிற்கிறேன், பின்னாலிருந்து ரேடியோவின் குரல்: "கிளி, ஹனீபாவும் போயிட்டான்டா." கியூவை விடவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், பாணை வாங்கிக்கொண்டு அழுதேன். அவன் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். சுபைதா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்த பெண் அன்னிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம் அது. ஆகவே நடு அறையில் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நானும் ரிஸ்வானும். நஸ்ரின் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. கம்பஸ் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"மாமா வந்தது நல்லம்," என்றான் ரிஸ்வான். "தங்கச்சிக்கு நீங்களாவது சொல்லுங்க. வாப்பாவும் இல்ல. உம்மா இப்படி இரிக்கிற நேரம், இவ பொட்டியைத் தூக்கிக்கொண்டு போறதா? ஊரு என்ன சொல்லும்?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். கடையும் வீடும் ஒரே நாளில் தலையில் விழுந்த பையன். நான் திரையைப் பார்த்து, "தங்கச்சி, நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நான் நெனச்சு என்ன மாஸ்டர்?" திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவரு போன்னும் சொல்லல்ல, வேணாம்னும் சொல்லல்ல. வந்து சொல்றேன்னுட்டுப் போனாரு. அவரு சொல்ல முந்தி நான் ஒண்ணு சொன்னா, அவர்ட பேச்ச மீறினதா ஆகிடும்."

"உம்மா," என்றாள் நஸ்ரின். அழுது ஓய்ந்த குரல். "வாப்பா எப்படி உம்மா வந்து சொல்லுவாரு?"

"அதத்தான் நானும் இருந்து பாக்கிறேன்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள், கடைக்குப் போனவன் திரும்பி வருவதைச் சொல்வது போல. அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ மூட்டையை இழுத்திருக்க வேண்டும். தூசி மேலே வந்தது. எனக்குத் தொண்டை கமறியது. மகனே, நான் விளையாடவில்லை. அந்த வீட்டில், அந்தக் காரத்தில், என் தொண்டைக்குத் தெரிந்தது ஒரே ஒரு செருமல்தான். சின்னதாக இரண்டு, பிறகு இழுத்து ஒன்று.

திரைக்குப் பின்னால் துணி சரசரக்கும் சத்தம். அவள் எழுந்துவிட்டாள். "வந்துட்டீங்களா?" என்றாள். "இவ்வளவு நேரமா? சொல்லுங்க, புள்ளய அனுப்பவா?"

ரிஸ்வான் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். நஸ்ரின் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உனக்கு எழுத்தில் காட்ட எனக்குத் திறமை போதாது. ஒரே ஒரு சொல். "அனுப்பு" என்றால் அவள் பேராதனைக்குப் போவாள். வாய் பேசாமல் இருந்தால் அந்தத் திரைக்குப் பின்னாலேயே இவளும் உட்கார்ந்துவிடுவாள். நான் வாத்தியார். படிக்கிற பிள்ளை வீட்டில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். கள்ள ஆஜர் சொல்வது எனக்குப் புதிதும் இல்லை. "அனுப்பு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதை உன் தலையில் கை வைத்துச் சொல்வேன். வந்தது வேறு.

"அவள்ட்ட கேட்டியா, சீனி?"

ஹனீபாவின் குரல். கல்லூரியில் நான் எடுத்த குரல் அல்ல, வீட்டுக்குள் பேசுகிற குரல். தாழ்ந்து, இழைந்து, கொஞ்சம் சலித்து. அந்தக் குரலில் அவன் பேசி நான் கேட்டதே இல்லை. சீனி என்று நான் யாரையும் சொன்னதும் இல்லை. சீனி என்றால் எனக்குக் கூப்பனுக்குக் கிடைக்கிற சாமான். அதைத் தவிர வேறு சீனியை எனக்குத் தெரியாது.

திரை ஆடியது. காற்று இல்லை. ரிஸ்வான்தான் முதலில் பேசினான். "சீனியா? உம்மா, யாரு சீனி?"

"நீ சும்மா இரு," என்றாள் அவள். வெட்கப்பட்ட ஒரு பெண்ணின் குரல். பிறகு, "மகள்," என்று கூப்பிட்டாள். "வாப்பா கேக்கச் சொல்றாரு. நீ போறியா?"

"போறேன் உம்மா."

"பயமில்லையா?"

"பயம்தான். போறேன்."

"அப்ப சரி," என்றாள் சுபைதா. அவ்வளவுதான். நாள்கணக்காகக் கட்டுண்டு கிடந்தது, கடையில் சாமான் கேட்டு வாங்குகிற நேரத்தில் முடிந்துபோயிற்று.

வாசல் வரைக்கும் ரிஸ்வான் வந்தான். "மாமா, இது கூடாது. மவுத்தான ஆள்ட குரல்ல பேசுறது எங்கள்ல இல்ல," என்றான். அவன் சொன்னது சரி. எங்களிலும் இல்லை, யாரிலும் இல்லை. "நான் பேசல தம்பி," என்றேன். அவன் என் முகத்தை நெடுநேரம் பார்த்தான். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருந்தால் திட்டியிருப்பான். அவன் திட்டவில்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டான்.

உன் அம்மாவுக்கு இதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. நீ பிறந்தபோது அவர்கள் இரண்டு பேரும் பார்க்க வந்தார்களாம், அப்போது அவன் அவளைச் சீனி என்று கூப்பிட்டிருப்பான், உங்கள் காதுதான் உளவாளிக் காதாயிற்றே என்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் கேட்ட குரல்களெல்லாம் எங்கே, எப்போது கேட்டது என்று எனக்குத் தெரியும். தேடிப் பார்த்தேன். இது அங்கே இல்லை.

நஸ்ரின் புறப்பட்ட காலையில் வழியனுப்பப் போனேன். ரிஸ்வானே பெட்டியைத் தூக்கிக்கொண்டான், கொண்டுபோய் விட்டுவர. தாய்க்கு வெளியே வர முடியாது. திரைக்குப் பின்னாலிருந்து, "மாஸ்டர், அவர ஒருக்கா கூப்பிடுங்க. புள்ள பயணம் சொல்லணும்," என்றாள். இனிமேல் கூப்பிடுவதில்லை என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். வாயை இறுக்கி மூடி, மூக்கால் மூச்சு விட்டு, பிறகு மெதுவாக, யாருக்கும் அடையாளம் தெரியாத என் சொந்தக் குரலில், "போயிட்டு வாம்மா," என்றேன். வேறு எதுவும் கலக்கவில்லை. நன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன்.

"கேட்டியா மகள்? வாப்பா சொல்றாரு," என்றாள் சுபைதா.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. பேசியது வாப்பா இல்லை என்பதா, நான் இல்லை என்பதா, எந்த 'இல்லை' அவளுக்கு விளங்கியதோ தெரியாது. "விடுங்க மாமா," என்றாள் ரகசியமாக. "பஸ் போயிரும்."

பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஏறிவிட்டாள் என்று சொல்வதற்காகத் திரும்பி வந்தேன். துணைக்கு இருந்த சுபைதாவின் அக்கா பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் மாடிப்படியின் கீழே நின்றேன். மேலே சுபைதா பேசிக்கொண்டிருந்தாள். முதலில் தொழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, பேச்சு. "புள்ளக்கித் தலகாணி வச்சாச்சு… ஆமா, ரெண்டு வச்சாச்சு." பிறகு நிறுத்தினாள். ஒரு பதில் வந்து முடிவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். "இல்ல, அழல்ல. ஒங்கள மாதிரியே கல்லு மனசு." மறுபடியும் நிறுத்தம், இந்த முறை நீளமாக. அதன் முடிவில் சிரித்தாள். ஹனீபா போன பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்து நான் கேட்கவில்லை. நடு நடுவே விழுந்த அந்த அமைதி வெறும் அமைதியாக இல்லை மகனே. யாரோ பேசும்போது மற்றவர்கள் காக்கிற அமைதி அது. நான் படி ஏறவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் தெருவுக்கு வந்துவிட்டேன். ரேடியோவுக்கு நான் சொன்னதில் இந்தப் பகுதி கிடையாது. உனக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேராதனைக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார். உன் அம்மா முறுக்கு சுட்டு அனுப்புகிறாள், வழியில் தின்றுவிடாதே. அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது, உன்னை விட்டால். அவள் வாப்பாவைப் பற்றி ஏதாவது கேட்டால், உனக்குத் தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். எதைச் சொன்னாலும் உன் வாயால் சொல். உன் கூட்டாளிகளின் குரலை ஆசையாகக் கேட்டு வைத்துக்கொள், ஆனால் எடுத்து வைத்துக்கொள்ளாதே. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. இந்த வருஷச் சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்று ரேடியோவிடம் சொல்லியாயிற்று.

அடுப்படியிலிருந்து உன் அம்மா என்னைக் கூப்பிடுகிறாள். யார் பதில் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அப்பா